இரண்டாயிரம் ஏக்கரால் சென்னை இளைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் நெரிசலைக் குறைக்கப் புதிய நகரங்களை எழுப்ப வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கட்டுரையாளர் வானளாவப் புகழ்ந்திருக்கும் திட்டம், அதாவது 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் சென்னைக்கு அருகே 2,000 ஏக்கரில் அமையும் என்று அறிவிக்கப்பட்ட நகரம், அந்த நோக்கத்துக்கு உதவாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,000 ஏக்கர் என்பது எட்டு சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,500 பேர் வசித்தார்கள். அதே நெருக்கத்தில் அடைத்தாலும் புதிய நகரம் தாங்குவது இரண்டு லட்சத்துச் சொச்சம் பேரைத்தான். காற்றோட்டமாக வாழத்தானே புதிய நகரம்? அப்படியென்றால் அதில் பாதிதான் தேறும். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்திருக்கிறோம். அவ்வளவு பெரிய பரப்பில் எட்டு சதுர கிலோமீட்டர் எந்த மூலைக்கு?

அளவைவிடப் பெரிய குறை அந்த 'அருகே'. கொத்தவால் சாவடியின் நெரிசல் தாங்காமல் 1996இல் காய்கறிச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அப்போது அது ஊரின் விளிம்பு. 2002இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் அங்கே போனது. இருபது ஆண்டுகள்கூட முழுதாக ஓடவில்லை, கோயம்பேடு நகரின் நட்டநடுவில் வந்துவிட்டது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் இன்னொரு நிலையம் திறந்தாயிற்று. மறைமலை நகரின் கதையும் இதுதான். துணை நகரம் என்று 1980 வாக்கில் தனியாகத் திட்டமிட்டார்கள். தொழிற்சாலைகள் வந்தன, வேலை கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் இன்று தாம்பரத்தில் ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் என்று கட்டடங்கள் இடைவெளியே இல்லாமல் தொடர்கின்றன. காலையில் மின்சார ரயிலில் போய் இரவில் திரும்ப முடிகிற தூரம் வரை எல்லாமே சென்னைதான், பலகையில் எந்தப் பெயரை எழுதினாலும்.

குடிநீரும் அப்படியே. அந்த வட்டத்துக்குள் எங்கே நகரம் வைத்தாலும் அதே புழலையும் பூண்டியையும் செம்பரம்பாக்கத்தையும்தான் பங்கு போட வேண்டும். நான் கடலூர் மாவட்டத்துக்காரன். எங்கள் வீராணத்துத் தண்ணீரை நெய்வேலியை அடுத்த வடக்குத்தில் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அளவுக்குக் குழாயில் சென்னைக்கு அனுப்பும் திட்டம் 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதுவும் போதாமல் 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. இருநூறு கிலோமீட்டர் தாண்டித் தண்ணீரை அனுப்ப முடிகிற அரசுக்கு, ஆயிரம் குடும்பங்களின் வேலையைத் தண்ணீர் இருக்கும் பக்கம் அனுப்ப மட்டும் ஏன் மனம் வருவதில்லை?

சென்னையை விட்டுத் தள்ளி உள்மாவட்டத்தில் புதிதாக ஊர் கட்டுவது நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. என் பணிக்காலம் முழுவதையும் நெய்வேலியில் கழித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வருகிறதென்று கண்டதில் தொடங்கிய ஊர் அது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. முந்திரித் தோப்பும் மானாவாரி நிலமுமாகக் கிடந்த இடத்தில் வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள் எழுந்தன. வெளியூர்க்காரர்கள் முதலில் வந்து குழம்புவார்கள். எல்லாத் தெருவும் ஒன்றுபோல் இருக்கும், மரங்களை வைத்துத்தான் வீட்டை அடையாளம் சொல்வோம். அங்கே எது முதலில் வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வேலை வந்தது. அதை ஒட்டியே பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கடைவீதியும் வந்தன. வீட்டுமனை விற்பதற்காக யாரும் நெய்வேலியைத் தொடங்கவில்லை. இன்றைய 'புதிய நகர' அறிவிப்புகளோ மனையில் தொடங்குகின்றன. வேலை பின்னால் வருமாம். அறிவிப்பு வந்த மறுவாரமே நெடுஞ்சாலை ஓரம் கொடி நட்டுக் கல் ஊன்றுகிறவர்களுக்குத்தான் அந்த வரிசை லாபம்.

நெய்வேலியை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. அந்த ஊருக்குக் கிழவர்கள் கிடையாது. குடியிருப்பு நிறுவனத்துடையது, ஓய்வு பெற்றால் காலி செய்தாக வேண்டும். அது விதி, சேரும்போதே தெரியும். ஆனால் முப்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் வடலூருக்கும் பண்ருட்டிக்கும் கடலூருக்கும் கலைந்து போகிற ஊரில் தலைமுறை வேர் பிடிக்காது. சொந்த வீடு கட்டவும், கடை வைக்கவும், வாடகைக்கு விடவும், வயதாகிச் சாகவும் இடம் உள்ளதைத்தான் ஊர் என்று சொல்ல முடியும். இரண்டாவது குறை இன்னும் கனமானது. நிலம் கொடுத்த கிராமத்தார் நகரியத்துக்கு வெளியே போனார்கள். நிரந்தர வேலையும் நியாயமான இழப்பீடும் கேட்டு அடுத்தடுத்த தலைமுறையும் போராடுகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரின் மேல் நிறுவனத்தின் இயந்திரங்கள் ஏறியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022இல் தொடங்கிய போராட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு புதிய நகரத்தின் அடியிலும் ஏற்கெனவே சில ஊர்கள் இருக்கின்றன. ஆகவே புத்தம்புதிய நகரம் என்ற ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஏற்கெனவே உள்மாவட்டங்களில் இருக்கும் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை ஆகியவற்றுக்கு எதை அனுப்பலாம் என்று யோசிப்பதே மேல்.

1983இல் எம்.ஜி.ஆர். தலைநகரையே திருச்சிக்கு மாற்றலாம் என்றார். எதிர்ப்பு கிளம்பியது, யோசனை கைவிடப்பட்டது. முழுத் தலைநகரையும் பெயர்ப்பது இன்றும் வீண்செலவு என்றே நினைக்கிறேன். நைஜீரியா 1991இல் தலைநகரைக் கடலோர லாகோஸிலிருந்து நாட்டின் உட்பகுதியிலுள்ள அபுஜாவுக்குக் கொண்டுபோனது. துறைமுகமும் வணிகமும் லாகோஸிலேயே தங்கிவிட்டதால் லாகோஸ் அதன் பிறகும் பெருத்துக்கொண்டேதான் இருக்கிறது. தான்சானியா தாருஸ்ஸலாமை விட்டு தொதோமாவுக்குப் போவதென்று 1973இல் முடிவெடுத்தது. அமைச்சகங்கள் மொத்தமாக மூட்டை கட்டியது 2016க்குப் பிறகுதான். தீர்மானம் போட்டால் நகரம் நகராது, கோப்பும் கையெழுத்துப் போடுகிறவரும் நகர வேண்டும்.

கோட்டை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். துறைத் தலைமை அலுவலகங்கள் ஏன் சென்னையிலேயே இருக்க வேண்டும்? வேளாண்மை இயக்குநரகம் சேப்பாக்கத்தில், மெரினாவுக்கு எதிரே இருக்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் முடிவெடுக்கிறவர்கள் கடற்காற்று வாங்கிக்கொண்டு முடிவெடுக்கிறார்கள்; மனுக் கொடுக்கிற டெல்டா விவசாயி இரவு பஸ் பிடித்து வருகிறார். இதைத் தஞ்சைக்கோ திருச்சிக்கோ அனுப்பினால் எந்தக் குடி முழுகிவிடும்? முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. பட்டு வளர்ச்சித் துறையின் தலைமையகம் சேலத்தில் இயங்குகிறது. அதனால் பட்டுக்கு ஒரு கேடும் வந்ததாகத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சான்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலையில் அது திறந்த பிறகு, வழக்குக்காகச் சென்னை ஓடிய தென்மாவட்டத்துக்காரர்களின் அலைச்சல் நின்றது. வழக்கறிஞர்கள், எழுத்தர்கள், விடுதிகள், உணவகங்கள் என்று அதைச் சுற்றி மதுரையில் ஒரு தொழிலே உருவாயிற்று. முடிவெடுக்கும் அதிகாரம் ஓர் ஊருக்குப் போனால் அதன் பின்னால் மற்றவை தாமாகப் போகின்றன.

அரசு ஊழியர் சங்கங்கள் எதிர்க்கும் என்பார்கள். எதிர்க்கத்தான் செய்யும், அதில் நியாயமும் இருக்கிறது. கணவனுக்குத் தஞ்சாவூரில் வேலை, மனைவிக்குச் சென்னையில் வேலை என்றால் குடும்பம் இரண்டாகும். பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போது யாரும் இடம் மாற மாட்டார்கள். (உயர் அதிகாரிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் எல்லாம் சென்னையில் இருப்பதும் இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், சொல்லி வைக்கிறேன்.) ஆகவே இருப்பவர்களைக் கட்டாயமாகப் பெயர்க்க வேண்டாம். இனி நிரப்பும் பணியிடங்களை மட்டும் புதிய ஊரில் நிரப்பட்டும். அங்கேயே வீடு கட்டக் கடனில் சலுகை கொடுக்கட்டும். பத்து ஆண்டுகளில் ஓய்வு பெறுவோர் ஓய்வு பெற, அலுவலகம் ஓசையில்லாமல் இடம் மாறியிருக்கும்.

இதற்கு 2,000 ஏக்கர் வேண்டாம். ஒரு துறைக்கு ஒரு வளாகம், நல்ல பள்ளி, அவசரத்துக்கு ஓட ஒரு மருத்துவமனை, சென்னைக்குப் பகலில் போய்வர ஒரு ரயில் இருந்தால் போதும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் புதிய நகரத்தின் வரைபடத்துக்குப் பதிலாக, எந்த மூன்று துறைகள் எந்த ஆண்டில் எந்த ஊருக்குப் போகின்றன என்ற பட்டியலை நிதியமைச்சர் வாசிக்கட்டும். அதைத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மின் நிலையப் பணியாளர்,
வடலூர்.