செவ்வாயிலிருந்து வெள்ளி வரை

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ அழுததிலிருந்து மனசு சரியில்லை. போனில் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உன் திட்டத்தைக் கேட்டதும் அங்கே ஜப்பானில் உன் மேலாளர் "முசுகாஷீ" என்றார். கஷ்டம் என்கிறாரே என்று நீ அரை மணி நேரம் அதைச் சமாளிக்கும் வழிகளை விளக்கினாய். அப்புறம் யாரும் பேசவில்லை. அதுதானே நடந்தது? அவர் அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்மா. கடன் கேட்டு வருபவரிடம் தாத்தா "பார்க்கலாம்" என்பாரே, கிடைக்காது என்று வந்தவருக்குப் புரிந்துவிடும். அதே மாதிரிதான் இதுவும். ஜப்பான்காரர்கள் ஆமாம் என்பதற்குச் சொல்லும் "ஹை"யும் பல நேரம் நம் "ம்" போலத்தான். காதில் விழுந்தது என்று அர்த்தம், சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே.

அது போகட்டும். பேச்சோடு பேச்சாக இன்னொன்று சொன்னாய்: சோதனை அறிக்கை ஒரு வாரம் தள்ளிப்போகும், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்று. எனக்குத் தூக்கம் வராதது அதனால்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான் கம்பெனியில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை நைட் ஷிப்டில், டையில், அதாவது பாகங்களுக்கு வடிவம் கொடுக்கும் அச்சில், முடி அளவு விரிசலைப் பார்த்தேன். சரிசெய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பிரச்சினையோடு மேலதிகாரி முன்னால் போய் நிற்கக் கூடாது என்றுதான் நான் தொழில் பழகிய இடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை என் மேலதிகாரி "எல்லாம் சரியா?" என்று கேட்டபோதும் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை டை உடைந்தது. அவர் கத்தவில்லை. "உனக்கு எப்போது தெரியும்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். போர்டில் செவ்வாய் என்று எழுதி, வெள்ளி வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். விரிசலுக்கு நான் காரணமில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த மூன்று நாள் என்னுடையது.

அப்புறம்தான் "ஹோரென்ஸோ" சொல்லிக்கொடுத்தார். ஹோகோகு, ரென்ராகு, சோதான்: நடந்ததைச் சொல், தெரிய வேண்டியவருக்குத் தகவல் கொடு, முடிவெடுக்குமுன் கலந்து பேசு. பாலக் கீரைக்கும் அங்கே ஹோரென்ஸோ என்றுதான் பெயர். கடையில் கீரைக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு இது ஞாபகம் வரட்டும்.

உன் திட்டத்தையும் விட்டுவிடாதே. ஆனால் நேராகக் கூட்டத்தில் கொண்டுபோய் வைக்காதே. பெரிய மரத்தை இடம் மாற்றுவதற்கு முன்னால் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதை அவர்கள் "நெமவாஷி" என்பார்கள். ஆபீசிலும் அதே சொல்தான். ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனியாகப் பேசி, அவர்கள் சொல்லும் குறையைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அப்புறம் கூட்டத்துக்குப் போவது. கல்யாணப் பேச்சைச் சபையில் எடுக்குமுன் தாய்மாமனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோமே, அதைப் போலத்தான். இது உனக்குத் தெரியாத வித்தையில்லை.

உன்னிடம் வேலை பழகும் பிள்ளைகளையும் "புரிந்ததா?" என்று கேட்காதே. எந்த ஊர்ப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். "எதிலிருந்து ஆரம்பிப்பாய்?" என்று கேள். புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அறிக்கை தாமதமாகும் என்று மேலாளரிடம் சொல்லிவிடு. எத்தனை நாள், எதனால், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய், இது போதும். தீர்வு கையில் இல்லாவிட்டாலும் சொல். முடிந்ததும் எனக்குக் கூப்பிடு. அங்கே ஒன்பதரை என்றால் இங்கே ஆறு மணி. நான் எழுந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா