ஒரே அண்டாவில் வெந்த சோறு

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாருக்கு ஸ்தோத்திரம், கத்தோலிக்கப் பங்கு மக்களுக்கு இயேசுவுக்கே புகழ், பெந்தெகொஸ்தே சபையாருக்குப் பிரைஸ் த லார்ட். (யாரையும் விட்டுவிடவில்லையே?)

2023 டிசம்பர் 17 ராத்திரி தொடங்கிய மழையைப் பற்றி தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் குளமும் உடைந்து, கரண்டும் போனும் போய், தெருவில் இடுப்பளவு தண்ணீர்.

முதல் நாள் மூன்று சபையும் தனித்தனியாகத்தான் சமைத்தோம். மேலத்தெருவுக்கு இரண்டு தடவை சாப்பாடு போயிற்று, கீழத்தெருவுக்கு ஒரு பொட்டலம்கூடப் போகவில்லை. அந்த வெட்கத்தில்தான் சாயங்காலம் எங்கள் சபைக் குருவான ஐயரும் கத்தோலிக்க ஃபாதரும் பெந்தெகொஸ்தே பாஸ்டரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. எங்கள் அசன (சபை விருந்து) அண்டாக்கள் கத்தோலிக்கப் பள்ளியின் மாடிக்கு ஏறின. பெந்தெகொஸ்தே வாலிபர்கள் லோடு ஆட்டோவில் சிலிண்டர் கொண்டுவந்தார்கள். ஆட்டோ போகாத இடத்துக்குத் தலையில் சுமந்தார்கள். சிஸ்டர்மார் விடியற்காலை மூன்று மணிக்கே வெங்காயம் உரித்தார்கள். அரிசி தீர்ந்த அன்று ஐந்து மூட்டை அனுப்பிய ஜமாஅத்தாருக்குத் தனியாக நன்றி.

முதல் பந்திக்கு முன்னால் ஜெபம் செய்யலாம் என்று ஆரம்பித்தோம். நாங்கள் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்க, கத்தோலிக்கர்கள் 'விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே' என்க, யார் குரலும் யாருக்கும் புரியாத குழப்பம். சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எங்களுக்கு 'ஆகாரம்', அவர்களுக்கு 'அனுதின உணவு'. அதை அடுத்து வரும் 'இன்று எங்களுக்குத் தாரும்' மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். அந்த இடத்தில் மொத்த மாடியும் ஒரே குரலாகச் சொன்னது. வரிசையில் ஈரச் சேலையோடு தட்டைப் பிடித்து நின்ற அம்மாமாரும் சொன்னார்கள்.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919-இல் தரங்கம்பாடியில் கூடியவர்களில் ஒருவர். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானபோது அவர் உயிரோடு இல்லை. இதையெல்லாம் ஓய்வுநாள் பள்ளிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் எதிரே இருக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்குள் ஐம்பது வயதுவரை கால் வைத்ததில்லை. இந்த ஜனவரி, சபைகளின் ஒருமைப்பாட்டுக்கான ஜெப வாரத்தில்தான் முதல்முறையாகப் போனேன். ஞானஸ்நானம், மாதா, அந்நிய பாஷையில் ஜெபிப்பது என்று பேசித் தீராதவை இன்னும் நிறைய இருக்கின்றன. இருக்கட்டும்.

வரவு செலவுக் கணக்கை மூன்று ஆலயத்தின் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம். எங்கள் பெரிய அண்டா ஒன்று இன்னும் பள்ளி மாடியில்தான் கிடக்கிறது. கேட்டதற்கு, "அசனத்தன்னைக்கு நாங்களே தூக்கிட்டு வாறோம், இலை போட்டு வையுங்க" என்று பதில் வந்திருக்கிறது.

அன்புடன்,
சமையல் குழுவில் கரண்டி பிடித்த ஒருவன்