நைனாவை மறுபடி ஆட வைத்த தம்பிக்கு

பெயர் போட வேண்டாம் என்று அந்தத் தம்பி கேட்டுக்கொண்டார். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஓய்வு பெற்றதும் ஆசை தீர கேரம் ஆட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆறே மாதத்தில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அப்புறம் தெருமுனை கிளப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

2024 நவம்பரில், எங்கள் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற செய்தி வந்தது. டிவியைப் பார்த்து அப்பா அழுதார். மறுநாள் சாயந்தரம் வாசலில் இந்தத் தம்பி. "வா நைனா, இடது கையால ஒரு போர்டு போடலாம்."

எட்டு மாதம், தினமும் ஒரு மணி நேரம். பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, அப்பாவின் விரலைப் பிடித்துச் சுண்டப் பழக்கினார். பாவம் பார்த்து ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அதைவிடப் பெரிய மரியாதை அப்பாவுக்கு யாரும் செய்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சிவப்புக் காயைப் போட்டு, அதை உறுதியாக்கும் அடுத்த காயான ஃபாலோவையும் போட்டார். அன்று ராத்திரி, "எனக்கு இனிமே ஒரு குறையும் இல்லம்மா" என்றார்.

போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். தம்பி வந்து அவர் இடது கையில் ஸ்ட்ரைக்கரை வைத்து மூடினார்.

ரொம்ப நன்றி தம்பி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க. அப்பாவின் போர்டு உங்களுக்குத்தான்.