பிக் ஸ்டாரை ரசிகர்கள் கைவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பவர் பாப் இசையைப் பற்றி (இனிய மெட்டும் முரட்டுக் கிட்டாரும் சேர்ந்த ராக் வகை அது) எழுதுகிறவர்கள் பிக் ஸ்டார் குழுவிடம் வந்ததும், ‘விமர்சகர்கள் கொண்டாடினார்கள், மக்கள் கண்டுகொள்ளவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி தவறு. கடைக்கே சரியாக வராத இசைத்தட்டை மக்கள் எப்படிக் கண்டுகொள்வார்கள்?

1971இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உருவான நால்வர் குழு அது: அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ். இவர்களில் சில்டன் 1967இலேயே, பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காகப் பாடிய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. ஒலிப்பதிவு நடந்தது ஜான் ஃப்ரையின் ஆர்டென்ட் கூடத்தில். வெளியீடும் ஆர்டென்டின் பெயரில்தான். ஆனால் தட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் வேலை ஸ்டாக்ஸ் நிறுவனத்துடையது. ஸ்டாக்ஸுக்குப் பழக்கமான வானொலி நிலையங்களும் கடைகளும் கறுப்பின மக்களிடையே வளர்ந்த சோல் இசைக்கானவை. கிட்டார் பாப் விற்பது அவர்களுக்குப் புதிது. சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

முதல் ஆல்பமான ‘நம்பர் ஒன் ரெகார்ட்’ 1972இல் வந்தது. பாராட்டு குவிந்தது, விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு. அன்றைய வியாபாரம் நடந்த விதத்தைப் பார்த்தால் இந்த எண்ணுக்குக் காரணம் விளங்கும். கடைக்காரர் தன் வட்டாரத்து விநியோகஸ்தரிடம் சரக்குக் கேட்பார். வானொலியில் பாட்டு ஒலித்தால், கேட்டவர் அதே வாரமோ அடுத்த வாரமோ கடைக்கு வருவார். தட்டு இல்லையென்றால் வேறொன்றை வாங்கிப் போய்விடுவார். நிலையத்தார் கடைகளுக்குத் தொலைபேசி போட்டு எது போகிறது என்று விசாரிப்பார்கள். ‘அது போகவில்லை’ என்று பதில் வந்தால் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். சரக்கு இல்லாத குறை, கேட்பாரில்லாத குறையாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதற்கு மேல் இன்னொரு அடி விழுந்தது. 1972இன் பிற்பகுதியில் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைப் பெரிய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியாவிடம் ஒப்படைத்தது. ஸ்டாக்ஸ் அதுவரை நம்பியிருந்த தனி விநியோகஸ்தர்கள் கொலம்பியாவுக்குத் தேவைப்படவில்லை. கடைகளில் இருந்த பிரதிகளும் எடுக்கப்பட்டன. அந்த ஒப்பந்தத்தை முன்னின்று செய்த கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ் 1973 மே மாதம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் இரு நிறுவனங்களுக்கும் இடையிலான உறவு கெட்டது.

அப்படியானால் விமர்சகர்கள் மட்டும் எப்படிக் கேட்டார்கள்? அவர்களுக்குத் தட்டு தபாலில் இலவசமாகப் போனது. விளம்பரப் பிரதிக்கு விநியோகஸ்தரும் வேண்டாம், கடையும் வேண்டாம். ‘விமர்சகர்களின் குழு’ என்ற பட்டத்துக்கு ரசனை வேறுபாட்டை விட இந்தத் தபால் வழியே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

விமர்சகர்களின் பங்கு வெறும் புகழ்ச்சியோடு நிற்கவும் இல்லை. முதல் ஆல்பத்துக்குப் பின் பெல் விலகினார், குழுவும் கலைந்தது. 1973 மே மாதம் ராக் இசை எழுத்தாளர்களை ஆர்டென்ட் தரப்பு மெம்ஃபிஸுக்கு வரவழைத்தது. அங்கே மூவராக மேடையேறியவர்களுக்குக் கிடைத்த வரவேற்புதான் அவர்களை மறுபடி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இழுத்து வந்தது. 1974இன் ‘ரேடியோ சிட்டி’ அப்படிப் பிறந்த ஆல்பம்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு காதில் படும். முதலாவதில் பெல்லின் கைவண்ணம் தெரியும்: குரல்மேல் குரல் அடுக்கி, கிட்டார்களை ஒன்றோடொன்று இழைத்து, இடைவெளியே தெரியாத ஒலி. இரண்டாவதில் ஒரு கிட்டார் குறைந்த இடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது; அதை நிரப்புவது ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ். ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ மூன்று நிமிடம்கூட ஓடாது. மணியடித்தாற்போன்ற கிட்டார் ஒலியோடு தொடங்கும். டிரம்ஸ் முரட்டுத்தனமாக உருளும். மேலே மெட்டு அத்தனை மென்மையாகப் போகும். பவர் பாப் என்றால் என்னவென்று கேட்பவருக்கு விளக்கம் சொல்லவே வேண்டாம், இதைப் போட்டுக் காட்டினால் போதும். அந்த ஆல்பத்தையும் கொலம்பியா கையில் எடுக்க மறுத்தது. அப்படியும் சுமார் இருபதாயிரம் விற்றது. வழியை அடைத்த பிறகும் முந்தையதைப் போல இரு மடங்கு போனதே, அதைப் புறக்கணிப்பு என்பது எந்த நியாயம்?

மூன்றாவது ஆல்பம் 1974இல் தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சனோடு பதிவானது. சோதனைப் பிரதிகளை எடுத்துக்கொண்டு நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கியும் எடுப்பாரில்லை. 1975 இறுதியில் ஸ்டாக்ஸ் திவாலானது. 1978இல்தான் ஆல்பம் வெளிவந்தது. அதே ஆண்டு முதல் இரண்டு ஆல்பங்களும் ஒரே உறையில் பிரிட்டனில் மறுபடி வெளியாயின. அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று, 27 வயதில், கிறிஸ் பெல் கார் விபத்தில் இறந்தார். 2003இல் ரோலிங் ஸ்டோன் இதழின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் மூன்றுமே இடம்பெற்றதைப் பார்க்க அவர் இல்லை.

கடைசியாக ஒன்று. 1986இல் பேங்கிள்ஸ் குழு ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டைத் தன் ஆல்பத்தில் பாடியது. அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்கியவர்கள் அதிலிருந்த வேறு வெற்றிப் பாடல்களுக்காக வாங்கியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கடைகளுக்குச் சரியாக வந்துசேராத பாட்டு, அந்தத் தட்டோடு லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது. அதை வெளியிட்ட நிறுவனம் கொலம்பியா.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்