தோடி திக்கிய கதை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. உன் கணினியிலும் பாட்டு திக்குகிறது, புது ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

அப்பா கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாதஸ்வர கேசட்டுகளைப் போன மாதம் கணினியில் ஏற்றினேன். தோடி ஆலாபனையில் ஒரே ஸ்வரத்தில் நின்று ஊதும் இடம். நடுவில் 'டிக்' என்று அறுந்தது. பேச்சில் தெரியாத வெட்டு, கார்வையில் முள்ளாய்க் குத்தியது. நாடா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் அதே கோப்பைப் போனில் போட்டால், அந்த இடத்தில் ஒரு பிசிறு இல்லை! அப்போதுதான் உயிர் வந்தது.

ப்ராசஸர் சும்மாதான் இருந்தது. அப்புறம் ஏன் திக்க வேண்டும்? பந்தியை நினைத்துக்கொள். அண்டா நிறையச் சோறு இருந்தாலும், பரிமாறுகிறவர் எங்கோ பேச்சில் நின்றுவிட்டால் இலை காலி. ஒலியும் அப்படித்தான். நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியின் சின்னச் சின்ன அளவீடுகள், கரண்டி கரண்டியாக பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் விழ வேண்டும். கரண்டிக்கு 441 என்றால் 10 மில்லிநொடிக்கு ஒரு தடவை. அந்த நேரத்தில் வேறொரு டிரைவர் (கணினியின் ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) ப்ராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஒலி அறுந்துவிடும்.

எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். வைஃபை டிரைவரைக் காட்டியது. டிவைஸ் மேனேஜரில் வைஃபையை நிறுத்தினேன், சுத்தமாகக் கேட்டது. திரும்பப் போட்டேன், திக்கியது. இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு, பழைய டிரைவருக்கு மாற்றினேன். சரியாகிவிட்டது.

நீயும் முதலில் போனில் போட்டுப் பார். உன்னுடையது ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் விஷயமே வேறு: அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்று. பஃபரைப் பெரிதாக்கினாலும் திக்கல் குறையும், ஆனால் மகள் கணினியோடு இணைத்து கீபோர்டு வாசித்தால் விரலுக்குப் பின்னால் ஒலி வரும். அது வேண்டாம்.

ஒரே ஒரு 'டிக்' மட்டும் இன்னும் இருக்கிறது, போனிலும் கேட்கிறது. முதல் பக்கம் முடிந்து அப்பா கேசட்டைத் திருப்பிப் போட்ட இடம் அது. அதை வெட்டாமல் அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

உன் பிரியமுள்ள நண்பன்