நாலு விதைப் பாக்கெட்டும் அப்பாவின் பதிலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பால்கனிச் சுவரில் வரிசையாக நாலு தக்காளி விதைப் பாக்கெட். பிராண்டிவைன், மார்ட்கேஜ் லிஃப்டர், ரோமா, சன்கோல்டு. கீழே ஒரே ஒரு கேள்வி: "இதுல எதுப்பா பெஸ்ட்?" போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், அது எனக்குத் தெரியாதா? அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எது நல்ல தக்காளி என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. உன் பால்கனியில் எது காய்க்கும் என்று கேள், அதற்குச் சொல்கிறேன். பாக்கெட் மேலே இருக்கிற படத்தைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுத்து நான் பட்ட அவமானத்தை நீயும் படவேண்டாம்.

அந்த மார்ட்கேஜ் லிஃப்டரை நானும் ஒரு வருஷம் வாங்கினேன். அதன் பெயருக்காகத்தான் வாங்கினேன். மேற்கு வர்ஜீனியாவில் ரேடியேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், பெரிய காய் காய்க்கிற செடிகளையாகப் பார்த்து ஒன்றோடொன்று சேர்த்து வருஷக்கணக்காகப் பொறுக்கி எடுத்து இந்த ரகத்தை உண்டாக்கினார், 1940களில் நாற்று ஒன்றை 1 டாலருக்கு விற்று ஆறு வருஷத்தில் 6,000 டாலர் வீட்டுக்கடனை அடைத்தார் என்று கதை. கதையைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்துவிட்டது. 10 லிட்டர் கூடக் கொள்ளாத ஒரு தொட்டியில், மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற மூலையில் கொண்டுபோய் வைத்தேன். செடி என் உயரத்துக்குப் போனது. பூவும் வந்தது. மொத்தமே மூன்று காய். அதில் ஒன்று அடியில் கறுத்து அழுகிப்போனது, ஒன்றை அணில் கடித்துவிட்டது, மிச்சம் இருந்த ஒன்றை உன் அம்மா "இதுக்கா இவ்வளவு நாள்?" என்று கேட்டபடியே வெட்டினாள். ரகத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அரைக் கிலோவை எட்டும் காயை வளர்க்க அந்தச் செடிக்கு நல்ல ஆழமான மண் வேண்டும், நாள் முழுக்க வெயில் வேண்டும். அந்த இரண்டையும் நான் கொடுக்கவில்லை.

சரி, பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படி. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில் பார்க்கவேண்டியது, அது குத்துச்செடியா கொடியா என்பது. குத்துச்செடி ஓர் உயரம்வரை வளரும், தண்டின் நுனியிலேயே பூங்கொத்து வைத்துவிடும், அதோடு மேல்வளர்ச்சி முடிந்தது. காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில், சில வாரத்துக்குள் பழுத்துவிடும். உன்னிடம் இருப்பதில் ரோமா மட்டும்தான் அந்த ஜாதி. மற்ற மூன்றும் கொடி வகை. குளிரோ நோயோ வந்து நிறுத்துகிறவரை நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்துக்கொண்டே இருக்கும், இரண்டு மீட்டரைத் தாண்டுவதெல்லாம் சர்வ சாதாரணம். பாக்கெட் தொலைந்துபோனால்கூடச் செடியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த பூங்கொத்துக்கும் நடுவில் எத்தனை இலை என்று எண்ணிப் பார். கொடியில் பெரும்பாலும் மூன்று இலை இருக்கும், குத்துச்செடியில் ஒன்றோ இரண்டோதான்.

இது தெரியாமல் நான் செய்த இன்னொரு கூத்து. இலைக்காம்பும் தண்டும் சேருகிற இடுக்கில் முளைக்கிற பக்கத் துளிர்களைக் கிள்ளிவிட்டால் காய் பெருக்கும் என்று எங்கோ படித்தேன். உடனே நகத்தைத் தீட்டிக்கொண்டு எல்லாச் செடியிலும் இறங்கிவிட்டேன், குத்துச்செடியையும் விடவில்லை. அதில் அந்தப் பக்கக் கிளைகள்தான் காய்க்கிற கிளைகள்! அந்த வருஷம் பச்சைப் பசேலென்று நாலு குச்சி நின்றது, அவ்வளவுதான். ரோமாவைக் கிள்ளாதே. மண்ணைத் தொடுகிற அடி இலைகளை மட்டும் எடுத்துவிடு, போதும். மண்ணில் இருக்கிற பூஞ்சணம் தண்ணீர் தெறிக்கும்போது முதலில் ஏறுவது அந்த இலைகளில்தான். சன்கோல்டைத் தாராளமாகக் கிள்ளு, ஒரு தண்டோ இரண்டு தண்டோ விட்டு மேலே கயிறு கட்டி ஏற்று. வாரம் ஒரு தடவை கயிற்றில் ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும்.

இரண்டாவது, பெயருக்குப் பக்கத்தில் எஃப்1 என்று போட்டிருக்கிறதா பார். சன்கோல்டில் போட்டிருக்கும். வீரிய ஒட்டு ரகம் அது. சின்னச் சின்ன ஆரஞ்சு நிறப் பழமாக நன்றாகக் காய்க்கும், ஆனால் அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது, ஒன்று சிவப்பாக வரும், ஒன்று புளிக்கும், ஒன்று பரவாயில்லை என்று இருக்கும். ஒவ்வொரு தடவையும் பாக்கெட் வாங்கத்தான் வேண்டும். பிராண்டிவைனும் மார்ட்கேஜ் லிஃப்டரும் பரம்பரை ரகங்கள், ரோமாவும் ஒட்டு இல்லை. தக்காளிப் பூ பெரும்பாலும் தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் என்பதால் இவற்றின் விதை ஏறக்குறைய அப்படியே வரும். நல்லா கனிந்த பழத்தைப் பிழிந்து, விதையை அந்தச் சாற்றோடு ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு மூன்று நாள் புளிக்க விடு. மேலே ஆடை கட்டும், நாற்றமும் வரும், பயப்படாதே. விதையைச் சுற்றி இருக்கிற வழவழப்புதான் அதை முளைக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது, அது கரைந்துவிடும். நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிட்டு அலசிப் பீங்கான் தட்டில் காயவை. காகிதத்தில் போடாதே, ஒட்டிக்கொண்டு வராது. ஈரம் படாமல் வைத்தால் நாலு வருஷத்துக்குக் கவலை இல்லை.

அப்புறம் அந்த எழுத்துகள். சில பாக்கெட்டில் பெயருக்குப் பின்னால் வி, எஃப், என், டி (V, F, N, T) என்று ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். வியும் எஃப்பும் இரண்டு விதமான வாடல் நோய்கள், என் என்பது வேரில் முடிச்சு விழவைக்கிற நூற்புழு, டி என்பது தேமல் வைரஸ். அவற்றைத் தாங்கும் என்று அர்த்தம், வரவே வராது என்று அர்த்தமில்லை. புது மண் போட்டுத் தொட்டியில் வளர்க்கிற உனக்கு இது பெரிய விஷயம் இல்லை. வருஷா வருஷம் ஒரே நிலத்தில் போடுகிறவர்களுக்குத்தான் இது உயிர்நாடி.

65 நாள், 80 நாள் என்று போட்டிருப்பதை நம்பி நாட்காட்டியில் வட்டம் போட்டுவிடாதே. அது பெரும்பாலும் நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு. விதை போட்டு நாற்றாவதற்கு இன்னும் ஐந்தாறு வாரம் சேர்த்துக்கொள். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்காதே, 25 டிகிரி வாக்கில் சூடு இருந்தால் ஒரு வாரத்தில் தலைகாட்டும். பிராண்டிவைன் நாற்று வளர்ந்ததும் இலை ஓரம் வெட்டு வெட்டாக இல்லாமல் உருளைக்கிழங்கு இலை மாதிரி இருக்கும், வேறு செடி வந்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடாதே. நான் ஒன்றைப் பிடுங்கியிருக்கிறேன். நடும்போது மட்டும் தக்காளிக்கு ஒரு சலுகை உண்டு, மேல் இலைகள் மட்டும் வெளியே தெரிகிற அளவுக்குத் தண்டை ஆழமாகப் புதைக்கலாம், புதைத்த தண்டிலிருந்தும் வேர் விடும். வெளிச்சம் போதாமல் நெடுநெடுவென்று ஒல்லியாகிப்போன நாற்றுக்கு இதைவிட வைத்தியம் இல்லை.

பூ வந்து கொட்டினால் உரம் தேடி ஓடாதே, வெயிலைப் பார். ராத்திரிச் சூடு 13 டிகிரிக்குக் கீழே போனாலும், 24க்கு மேலேயே நின்றாலும் காய் பிடிப்பது குறையும். பகலில் 35ஐத் தாண்டினால் மகரந்தமே கெட்டுவிடும், உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, காத்திருக்கவேண்டியதுதான். இந்த விஷயத்தில் சின்னக் காய் ரகங்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பெரிய காய் ரகங்கள் முதலில் கையை விரித்துவிடும். உன் பால்கனிக்குத் தேனீ வருமா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் காற்றடித்தால் போதும், காற்றும் இல்லாவிட்டால் முற்பகலில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடு. நான் என்ன செய்கிறேன் தெரியுமா, நீ வாங்கிக் கொடுத்தாயே பேட்டரி டூத்பிரஷ், அதன் முதுகைக் காம்பில் வைத்து இரண்டு நொடி அழுத்துவேன். மஞ்சளாகப் பொடி பறப்பது வெயிலில் கண்ணுக்கே தெரியும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, சொல்லிவிடாதே.

தண்ணீர்தான் தொட்டிக்காரர்களுக்குப் பரீட்சை. காயின் அடி கறுத்துத் தோல் மாதிரி ஆகிப்போவதைப் பார்த்ததும் முட்டை ஓடு போடு, சுண்ணாம்பு போடு என்று பலர் சொல்வார்கள். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் மண்ணில் அது இருக்கத்தான் செய்கிறது, ஏற்றிக்கொண்டு போகிற தண்ணீர்தான் ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் வறட்சி என்று வருகிறது. முட்டை ஓடு மட்கிச் சத்தாக மாறுவதற்குள் உன் செடியின் காலமே முடிந்துவிடும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார், காய்ந்திருந்தால் அடித் துளை வழியாக ஒழுகுகிறவரை ஊற்று, மேலே காய்ந்த இலையைப் பரப்பி மூடாக்குப் போடு. ரோமாவுக்கு இந்தக் கோளாறு கொஞ்சம் அதிகமாகவே வரும், கவனம். சன்கோல்டுக்கு வேறு கோளாறு, காய்ந்து கிடந்துவிட்டுத் திடீரென்று தண்ணீர் கண்டால் பழம் வெடித்துவிடும்.

இன்னொன்று, பிராண்டிவைன் மாதிரிப் பழைய ரகங்களில் காயின் தோள்பட்டை கரும்பச்சையாக இருக்கும், பழுத்தாலும் சில சமயம் பச்சை போகாது. அதைக் குறை என்று நினைத்து, காய் ஒரே சீராக நிறம் மாறவேண்டும் என்று பல பத்து வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கி ரகம் உண்டாக்கினார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில்தான் தெரிந்தது, அந்தச் சீர்நிறத்துக்காக முடங்கிப்போன மரபணுதான் காயிலேயே பச்சையம் கூட்டிச் சர்க்கரை சேர்க்கிற மரபணு என்று. கண்ணுக்கு அழகு வந்தது, நாக்குக்கு ருசி போனது. அதனால்தான் எனக்குப் பச்சைத் தோள் பார்த்தால் ஒரு பிரியம்.

லேசாக நிறம் திரும்பின உடனே பறித்து உள்ளே வைத்துவிடலாம், ருசி ஒன்றும் பெரிதாகக் குறையாது, அணிலுக்கும் வெடிப்புக்கும் தப்பும். ஃபிரிட்ஜில் வைக்காதே, குளிரில் மணம் போய்விடும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயந்திரம் வரை மணிக்கு ஒரு தடவை பால்கனியை ஒரு படம் எடு. ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் விழுந்தால் சன்கோல்டு ஒன்று, ரோமா ஒன்று, ஆளுக்கு 20 லிட்டர் தொட்டி, அதற்குக் குறையக்கூடாது. நாலைந்து மணி நேரம்தான் என்றால் சன்கோல்டு மட்டும். அதுவும் இல்லை என்றால் இந்த வருஷம் கீரை போடு. பிராண்டிவைனையும் மார்ட்கேஜ் லிஃப்டரையும் பிரிக்காமல் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வை, நீ மண் இருக்கிற வீட்டுக்கு மாறும்வரை அவை அங்கேயே இருக்கட்டும். ஏற்கெனவே பிரித்துவிட்டாய் என்றால் மூடி ஒட்டி, மேலே தேதி எழுது. படங்களை எனக்கு அனுப்பு, நேரத்தோடு.

அப்பா