மைக்ரோனேசிய மீன்கொத்தி: ஒன்றல்ல, மூன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பசிபிக் பெருங்கடலின் பல்மைரா பவளத்தீவில் 2024-இல் விடப்பட்ட ஒன்பது பறவைகளை 'மைக்ரோனேசிய மீன்கொத்தி' என்று தங்கள் நாளிதழ் எழுதியிருந்தது. அந்தப் பெயரில் இப்போது ஓர் இனம் இல்லை. மேற்கு பசிபிக்கின் குவாம், பொன்பெய், பலாவ் தீவுகளின் மீன்கொத்திகள் மூன்றும் தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. பல்மைராவுக்குப் போனது குவாம் மீன்கொத்தி. குவாமின் பூர்வகுடிகளான சமோரோ மக்கள் அதைச் சிஹெக் என்பார்கள். பல்லியும் வெட்டுக்கிளியும்தான் அதன் இரை.

பார்த்தே பிரித்தறியலாம். குவாம் ஆணுக்கு அடிப்பக்கம் முழுவதும் இலவங்கப்பட்டை நிறம். பெண்ணுக்கு வயிறு மட்டும் வெள்ளை. மற்ற இரண்டு தீவுகளிலும் வளர்ந்த பறவைகளில் ஆண், பெண் இரண்டுக்குமே அடிப்பக்கம் வெள்ளைதான்.

பழைய பெயரில் தேடுகிறவருக்கு, பொன்பெயிலும் பலாவிலும் பறவை காட்டில் வாழ்வதாகவே தெரியும். குவாமில் 1988-க்குப் பிறகு காட்டில் ஒன்றுகூட இல்லை என்பது அதற்குள் மறைந்துபோகும். இரண்டாம் உலகப் போரையொட்டி சரக்கோடு வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு அவற்றைத் தின்று தீர்த்தது. 1984 முதல் 1986 வரை பிடித்துக் காப்பாற்றிய 29 பறவைகளின் வாரிசுகளே இன்று உள்ளவை. பாம்பு இன்னும் குவாமில் இருப்பதால்தான், பாம்பில்லாத பல்மைராவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் இனங்களைப் பிரிக்க எப்போதும் நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. அந்தமானிலும் சுந்தரவனத்திலும் நாம் காணும் கழுத்தில் வெண்பட்டை கொண்ட மீன்கொத்திக்குச் செங்கடல் முதல் பாலினேசியா வரை 50 துணையினங்கள் (ஓர் இனத்துக்குள்ளான பிரிவுகள்) சொல்லப்பட்டன. பசிபிக்கில் தனி இனங்களாக எண்ணப்பட்ட பத்து மீன்கொத்திகள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கிளைத்தவை என்று 2015-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஜப்பானின் மியாகோ தீவு மீன்கொத்தியின் சிக்கல் இன்னும் பெரிது. 1887-இல் கிடைத்த ஒரே பாடம் செய்த உடலை வைத்து 1919-இல் அதற்குப் பெயரிட்டார்கள். அலகின் மேலுறை கழன்றுபோனதால் அலகின் நிறமே தெரியாது. அது குவாம் பறவையேதானோ, உடலோடு கட்டிய விவரச்சீட்டு மாறிவிட்டதோ என்ற ஐயமும் உண்டு.

பழைய நூல்களைப் பார்த்து எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று: மூன்று பறவைகளையும் அவை 'டோடிரம்ஃபஸ் சின்னமோமினஸ்' அல்லது 'ஹால்சியான் சின்னமோமினா' என்ற ஒரே அறிவியல் பெயரில் குறிக்கும். அந்தப் பெயருக்குப் பின் துணையினத்தைக் குறிக்கும் மூன்றாவது சொல் 'ரெய்கன்பாக்கியை' என்றிருந்தால் பொன்பெய், 'பெலெவென்சிஸ்' என்றிருந்தால் பலாவ். மூன்றாவது சொல்லே இல்லையென்றால், எந்தத் தீவில் பார்த்த பறவை என்று உறுதிசெய்த பிறகே செய்தியில் சேர்க்க வேண்டும்.

பறவையியல் ஆர்வலர்,
மதுரை